டாப்ஸி மறுப்பு எதுவும் சொல்லவில்லை

மலையடிக் குடியிருப்பு,
டெர்பி வழி.
19 ஏப்ரல் 1998

என் தங்கச்சி ஈலீனுக்கு,

மழை நின்று ரோடு காய்ந்து, பதினோரு வாரத்துக்கு அப்புறம் இன்றைக்குத்தான் தபால் வண்டி வந்தது. நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன். முழங்கால்தான் பேச்சுக் கேட்பதில்லை. என் மகள் கிளாரிஸும் பேரப்பிள்ளைகளும் சுகம். உன் கையில் ஊசி குத்துகிற இடம் வீங்கியிருந்ததே, வற்றியதா? பெர்த்தில் குளிர் ஆரம்பித்துவிட்டதா? கம்பளி இல்லாவிட்டால் கேட்டு வாங்கு, வாயை மூடிக்கொண்டு நடுங்காதே.

எழுத்துக் கோணலாக இருந்தால் காரணம் கோபம். போன வாரம் இங்கே கூட்டம் நடந்தது. கல் அறுக்கிற கம்பெனிக்காரர்கள் நாலு வண்டியில் வந்தார்கள். நில ஆபீஸ் ஆட்களும் கூட. விளையாட்டுக் கொட்டகையில் நாற்காலி போட்டு, ரொட்டிக்குள் சாசேஜ் வைத்துக் கொடுத்தார்கள். அவர்களுக்கு நம் மலையின் கிழக்கு முனை வேண்டுமாம். பாறையைப் பலகை பலகையாக அறுத்து, பளபளப்பாக்கி, பெரிய ஊர்களில் பேங்குத் தரையிலும் குளியலறைச் சுவரிலும் பதிப்பார்களாம். கண்ணாடி போட்ட ஒருத்தன் எனக்குப் பாடம் நடத்தினான். "பாட்டி, இந்த மலை ஒரு காலத்துல கடலுக்குள்ள இருந்த பவளத்திட்டு, தெரியுமா? முப்பத்தஞ்சு கோடி வருஷம் ஆச்சு. இதுல இருக்கிறது எல்லாம் உயிரோட இருந்தது" என்றான். அந்த மலையடியில் கல்லான சிப்பியைப் பொறுக்கி விளையாடி வளர்ந்தவளிடம் வந்து சொல்கிறான்.

நான் முதல் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். கேட்க வேண்டியதை எல்லாம் மனசில் அடுக்கி வைத்திருந்தேன். அப்போது கம்பெனி வண்டியிலிருந்து கிளாரிஸின் புருஷன் இறங்கினான். நேரே வந்து எனக்கு மூன்று நாற்காலி தள்ளி உட்கார்ந்தான். மருமகன் மாமியார் முகத்தைப் பார்க்கக்கூடாது, அவள் குரல் அவன் காதில் விழக்கூடாது, அவன் பெயர் அவள் வாயில் வரக்கூடாது. இது அவனுக்குத் தெரியாதா? இருபது வருஷமாக ஒரே குடியிருப்பில் இருந்துகொண்டு ஒரு நாள் என் நிழலை மிதித்ததில்லை, அன்றைக்கு மட்டும் கண் அவிந்துபோனதா?

நான் என்ன செய்வேன். துணியால் முகத்தை மூடிக்கொண்டு எழுந்துபோய், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். ஜெனரேட்டர் இரைச்சலில் ஒரு சொல் கேட்கவில்லை. கடைசியில் வண்டிகள் கிளம்பின தூசிதான் எனக்குக் கிடைத்தது.

கிழக்கு முனைக்குச் சொந்தம் சொல்ல உயிரோடு இருப்பது நீயும் நானும்தான். அம்மாவின் எலும்பை மரப்பட்டையில் சுற்றி அந்தப் பொந்தில் வைத்தபோது உனக்கு ஒன்பது வயசு. என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நம் இரண்டு பேர் வாயிலிருந்தும் வராமல் எதுவும் நடக்காது. யாராவது காகிதத்தோடு அங்கே வந்தால் அதைத் தொடாதே.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
டாப்ஸி

*

பெர்த்
12 மே 1998

அன்பான அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்காலுக்குச் சூடான மணல் ஒத்தடம் கொடு. எனக்குக் கை வீக்கம் வற்றிவிட்டது. திங்கள், புதன், வெள்ளி கிட்னி மெஷின். ஒவ்வொரு தடவையும் ஐந்து மணி நேரம். ரத்தம் முழுக்க வெளியே போய்ச் சுற்றிவிட்டு வருகிறது. ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீர்தான். சோறு, சூப்பு எல்லாம் அந்தக் கணக்கில். தாகம் எடுத்தால் ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொள்கிறேன்.

விடுதி வண்டியில் கடற்கரைக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே ஒரு கடையில் வெள்ளைப் பவளம் விற்கிறார்கள். கையில் எடுத்துப் பார்த்தேன். நம் மலைச் சுவரில் தடவித் தடவிப் போவோமே, அதே பூ, அதே குழி. கடைக்காரி வாங்குவதானால் எடு என்றாள். வைத்துவிட்டேன்.

கூட்டத்தில் நீ ஒன்றுமே சொல்லவில்லையா அக்கா? ஒரு வார்த்தைகூடவா? எழுந்து போகும்போதாவது யாரிடமாவது சொல்லிவிட்டுப் போயிருப்பாய் என்று நினைத்தேன்.

டெர்பி ஆஸ்பத்திரிக்கே மெஷின் வரப்போகிறது என்று இங்கே பேசிக்கொள்கிறார்கள். வந்தால் எவ்வளவு நல்லது. ஆற்றங்கரையில் உட்கார்ந்து கறுப்பு பிரீம் மீன் சுட்டுத் தின்ன வேண்டும் போல இருக்கிறது.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

உன் ஈலீன்

*

மலையடி
31 மே 1998

தங்கச்சி ஈலீனுக்கு,

சுகமா? நான் சுகம் என்று எழுத மனசில்லை. மணல் ஒத்தடம் கொடுத்தேன், கொஞ்சம் தேவலை.

மெஷின் வருகிறது என்று யார் பேசிக்கொள்கிறார்கள்? பெயர் சொல். இங்கே நர்ஸிடம் கேட்டேன், அவளுக்குத் தெரியவில்லை.

கம்பெனிக்காரன் எனக்கு ஒரு பரிசு அனுப்பியிருக்கிறான். நம் பாறையில் ஒரு துண்டை அறுத்து, முகம் தெரிகிற மாதிரி மினுக்கி, அட்டைப்பெட்டியில் வைத்து. சிப்பி எல்லாம் நறுக்கின வெங்காயம் மாதிரி வட்ட வட்டமாகத் தெரிகிறது. என் மலையை எனக்கே பரிசாகக் கொடுக்கிற தைரியத்தைப் பார். அதைத் துணியில் சுற்றிக்கொண்டு கிழக்கு முனைவரை நடந்துபோய் அதன் இடத்தில் வைத்துவிட்டு வந்தேன். முழங்கால் அதற்கு மூன்று நாள் பழிவாங்கியது.

தாடிக்காரர்களை மறந்துவிட்டாயா? மியூசியத்துக்குக் கல் பொறுக்க அறுபத்து மூன்றில் வந்தார்களே. சமவெளியில் கிடக்கிற உருண்டைக் கற்களை உடைத்தால் உள்ளே மீன் இருக்கிறது என்று நாம்தான் காட்டினோம். மாவு மூட்டையில் கட்டி நீயும் நானும் தலையில் சுமந்தோம். ஒரு டின் பீச் பழம் கொடுத்தார்கள். போட்டோ அனுப்புகிறோம் என்றார்கள். முப்பத்தைந்து வருஷம் ஆகிறது, அந்தத் தபால் இன்னும் வரவில்லை. உயரமானவன் என் குவளையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். நீல விளிம்பு போட்டது.

இப்போது சொல்ல வந்ததைச் சொல்கிறேன். கூட்டத்தில் நடந்ததை டைப் அடித்து அனுப்பியிருக்கிறார்கள். கிளாரிஸ் படித்துச் சொன்னாள். வந்தவர்கள் பட்டியலில் என் பெயர் இருக்கிறது. அதற்குக் கீழே, "டாப்ஸி மறுப்பு எதுவும் சொல்லவில்லை."

தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள் எதைச் சொல்வாள், யாரிடம் சொல்வாள்? எல்லாம் கிளாரிஸ் புருஷன் வேலை. நான் எழுந்து போக வேண்டும் என்றே கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறார்கள், அவனும் உட்கார்ந்திருக்கிறான். நேற்று அவன் வேலிக்கு அந்தப் பக்கம் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். நான் கோபத்தில் முறையையும் மீறி, நாயைக் கூப்பிட்டு நிறுத்திவைத்து அவன் காதில் விழச் சொன்னேன். "ஏ நாயே, உனக்குச் சோறு போட்ட கையை மறந்துட்டு எவனோ வண்டியில கூப்பிட்டான்னு ஏறிப் போயிட்டியா? உன் மாமியார் எங்க உக்காந்திருக்கான்னு உன் மூக்குக்குத் தெரியாமப் போச்சா?" வேலிக்கு அந்தப் பக்கம் தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது. கிளாரிஸ் ஓடிவந்து, "அம்மா, நாய்க்கு எதுக்கு இவ்வளவு நீளமாத் திட்டு" என்றாள். "புரியிற நாய்க்குப் புரியும்" என்றேன்.

சீக்கிரம் பதில் போடு.

அக்கா டாப்ஸி

*

மலையடி
5 ஜூலை 1998

ஈலீனுக்கு,

ஐந்து வாரம் ஆகிறது. தபால் வண்டி ஐந்து தடவை வந்து போனது. உனக்கு உடம்பு சரியில்லையா, இல்லை கை சரியில்லையா என்று ஒரு வரி போடு. விடுதிக்குப் போன் பண்ணினேன். நன்றாகத்தான் இருக்கிறாய் என்றார்கள்.

கிழக்கு முனையில் குச்சி நட்டு ரோஸ் கலர் ரிப்பன் கட்டியிருக்கிறார்கள். நாற்பத்தொன்று எண்ணினேன். நாற்பத்தொன்றையும் பிடுங்கினேன். அடுத்த நாள் போலீஸ்காரன் வந்தான். நல்ல மாதிரியான ஆள்தான், தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் பேசினான். "பாட்டி, அவங்ககிட்ட கையெழுத்து இருக்கு. சொந்தக்காரங்க போட்டுக் குடுத்ததாம். குச்சியப் பிடுங்காதீங்க" என்றான். "எந்தச் சொந்தக்காரன்?" என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை.

எனக்குத் தெரியும். கிளாரிஸ் புருஷன்தான் போட்டிருக்கிறான். அந்த முனைக்கும் அவனுக்கும் ஒரு ஒட்டும் இல்லை, இருந்தும் போட்டிருக்கிறான். கடை வாசலில் நின்று எல்லோர் காதிலும் விழச் சொன்னேன். அவன் மாமாக்கள் வீட்டு வாசலிலும் சொன்னேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

டாப்ஸி

*

பெர்த்
19 ஜூலை 1998

அன்பான அக்காவுக்கு,

உன் இரண்டு கடிதமும் என் தலையணைக்கு அடியில் இருக்கின்றன. தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. இங்கே ஒரே குளிர். மெஷினில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தவள் போன வாரம் தவறிவிட்டாள். விண்டம் பக்கத்துக்காரி. போனவள் ஆச்சே, அவள் பெயரை இப்போது எழுதக்கூடாது. ஊருக்குப் போக வேண்டும், ஊருக்குப் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பெட்டியில் வைத்து விமானத்தில் அனுப்பினார்கள். போய்ச் சேர்ந்தாள், அவளுக்குத்தான் அது தெரியாது.

கிளாரிஸ் புருஷனைத் திட்டாதே அக்கா. எனக்கும் அவன் மருமகன் முறைதான், அதனால் நான் அவனிடம் ஒரு வார்த்தை பேசினதில்லை. இருந்தாலும் தெரியும், அவன் அப்படிச் செய்கிறவன் இல்லை. கையெழுத்து அவன் போட்டது இல்லை. விட்டுவிடு.

பேரப்பிள்ளைகளுக்குப் பல் எல்லாம் விழுந்து முளைத்துவிட்டதா?

உன் ஈலீன்

*

மலையடி
4 ஆகஸ்ட் 1998

ஈலீன்,

கிளாரிஸின் புருஷன் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது. ஊர் முழுக்க அவனைத் திருடன் என்று பேசுகிறது. அப்படிப் பேச வைத்தது நான்.

நேற்றுக் கிளாரிஸ் டெர்பிக்குப் போய், நில ஆபீஸில் சண்டை போட்டு, அந்தக் காகிதத்தின் நகலை வாங்கிக்கொண்டு வந்தாள். என் முன்னால் மேஜையில் வைத்துவிட்டு, "பாத்துக்கோ" என்றாள்.

எனக்கு மிஷன் பள்ளிக்கூடம் இரண்டு வருஷம்தான். உனக்கு ஏழு. உன் பெயரின் முதல் எழுத்துக்கு நீ போடுகிற வாலை அந்த டீச்சர் பிரம்பால் அடித்தும் நிறுத்த முடியவில்லை. அந்த வாலை நான் பார்த்தேன்.

டாப்ஸி

*

பெர்த்
25 ஆகஸ்ட் 1998

அக்கா,

சுகம் விசாரிக்காமல் நீ எழுதின முதல் கடிதம் அது. நானும் விசாரிக்கவில்லை.

ஏப்ரலில் வந்தார்கள். கம்பெனிக்காரன் ஒருத்தன், நில ஆபீஸ்காரி ஒருத்தி. மெஷினில் மூன்றாவது மணி நேரம். அப்போது எனக்குத் தலை நிற்காது. ஒரு பை நிறைய ஆரஞ்சு கொண்டுவந்தார்கள். கிட்னி போன எங்களுக்கு ஆரஞ்சு விஷம், அதுகூட அவர்களுக்குத் தெரியவில்லை. உங்கள் அக்கா கூட்டத்துக்கு வந்தார், மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை, இதோ பாருங்கள் என்று உன் பெயரைக் காட்டினார்கள். நீங்களும் போட்டுவிட்டால் கம்பெனி டெர்பிக்கு மெஷின் வாங்கிக் கொடுக்கும், கிறிஸ்துமஸுக்கு வீட்டில் இருக்கலாம் என்றார்கள்.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? நீ எனக்காக விட்டுக்கொடுத்துவிட்டாய் என்று நினைத்தேன். என் அக்கா, முப்பத்தைந்து வருஷம் ஒரு குவளையை விட்டுக்கொடுக்காதவள், அம்மா இருக்கிற பாறையை எனக்காகக் கொடுத்துவிட்டாள் என்று. அழுதுகொண்டே போட்டேன். நர்ஸ் வந்து வலிக்கிறதா என்று கேட்டாள்.

அதற்கு மறுவாரம் உன் கடிதம் வந்தது. தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன் என்று எழுதியிருந்தாய். அப்புறம் எப்படிச் சொல்வேன்?

இப்போது நான் கேட்கிறேன். இரண்டு வருஷமாக இங்கே இருக்கிறேன். ஒரு தடவை வந்தாயா? நாற்பத்தொரு குச்சி பிடுங்க முழங்கால் ஒத்துழைக்கிறது, பஸ் ஏற ஒத்துழைக்கவில்லையா? செத்தவளுக்காகப் போலீஸ்காரனோடு சண்டை போடுகிறாய். உயிரோடு இருக்கிற என்னை அந்த மலையிலிருந்து வண்டியில் ஏற்றும்போது கையைக் கட்டிக்கொண்டு நின்றாய். டாட்டா கூடக் காட்டவில்லை. உனக்கு மட்டும்தான் எல்லாம் ஞாபகம் இருக்கும் என்று நினைக்காதே.

ஈலீன்

*

மலையடி
10 செப்டம்பர் 1998

ஈலீனுக்கு,

ஊசி குத்துகிற கை எப்படி இருக்கிறது? கேட்டுவிட்டேன்.

கையைக் கட்டிக்கொண்டு நின்றேன், உண்மைதான். கையை நீட்டியிருந்தால் உன்னை வண்டியிலிருந்து இழுத்துப் போட்டிருப்பேன். இங்கே இருந்தால் இரண்டு வாரத்தில் செத்துப்போவாய் என்று டாக்டர் சொல்லியிருந்தான். அதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை.

அந்தக் காகிதத்தைக் கிளாரிஸ் மூன்று தடவை படித்தாள். முப்பத்திரண்டு பக்கம். "மெஷின் எங்கடி இருக்கு?" என்று கேட்டேன். "இல்லம்மா" என்றாள். "நல்லாப் பாரு, கடைசியில இருக்கும்." "கடைசியில 'அந்தப் பகுதி மக்களின் உடல்நலத் தேவைகளைக் கம்பெனி நல்லெண்ணத்தோடு பரிசீலிக்கும்'னு ஒரு வரி இருக்கு. அவ்வளவுதான்." "பரிசீலிக்கும்னா?" "யோசிக்கும்." "யோசிச்சுட்டு?" "அதைப் போடலம்மா."

அதாவது மெஷின் வாயில் இருந்தது, காகிதத்தில் இல்லை. உன்னிடம் என் பெயரைக் காட்டினார்கள், இனிமேல் என்னிடம் உன் பெயரைக் காட்டுவார்கள்.

காகிதத்தில் மெஷின் இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று மூன்று நாள் யோசித்தேன். எனக்குத் தெரியவில்லை. அம்மாவா நீயா என்று என்னைக் கேட்க வைத்தவன் எவனாக இருந்தாலும் அவன் சாப்பிடுகிற ரொட்டியில் மண் விழட்டும். உன்மேலும் கோபம் இருக்கிறது. அது தனி.

கிளாரிஸ் புருஷன் விஷயம், கிளாரிஸ் சொல்லித்தான் தெரிந்தது. கம்பெனிக்காரன் அவனிடம், "கிழவி வரலைன்னுட்டா, நீ வந்து முன்னாடி உக்காரு" என்று சொல்லிக் கூட்டிவந்திருக்கிறான். வெயில் கண்ணில் அடிக்க வந்து உட்கார்ந்திருக்கிறான். நான் எழுந்தபோதுதான் என்னைத் தெரிந்திருக்கிறது. உடனே அவனும் எழுந்து கொட்டகைக்குப் பின்னால் ஓடிப்போய் லாரிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டான். நான் தொட்டிக்குப் பின்னால், அவன் லாரிக்கு அடியில். அவன் பெயருக்குக் கீழேயும் "மறுப்பு எதுவும் சொல்லவில்லை" என்று போட்டிருக்கிறார்கள். நம் ஜனத்தில் பாதி எழுந்து போய்விட்ட கூட்டத்தை அவர்கள் நல்லபடி நடந்த கூட்டம் என்று எழுதிக்கொண்டார்கள்.

அவனிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் கிடையாது. ஒரு கங்காரு வாலை மயிர் பொசுக்கி, குழியில் வேகவைத்து, ஆற்றங்கரைப் பாதையில் இலையில் வைத்துவிட்டு வந்தேன். கடைக்குப் போய், நான் சொன்னது பொய் என்று அதே வாசலில் நின்று சொன்னேன். கடைக்காரன் சிரித்தான். அவனையும் மறக்க மாட்டேன்.

அக்டோபர் ஆறாம் தேதி இன்னொரு கூட்டம். கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள அதுதான் கடைசி நாளாம். எழுது என்று நான் சொல்ல மாட்டேன். எழுதினால் எழுது.

டாப்ஸி

*

பெர்த்
24 செப்டம்பர் 1998

அக்காவுக்கு,

இதோடு இன்னொரு காகிதம் வைத்திருக்கிறேன். விடுதியில் வேலை செய்கிற பெண் டைப் அடித்துக் கொடுத்தாள். கையெழுத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதியிருக்கிறது. வாலோடுதான் போட்டிருக்கிறேன்.

கூட்டத்தில் சத்தமாகப் படிக்கச் சொல். உடம்பு பரவாயில்லை.

ஈலீன்

*

மலையடி
8 அக்டோபர் 1998

தங்கச்சி ஈலீனுக்கு,

எல்லோரும் சுகம். மழைக்கு முந்தின வெக்கை ஆரம்பித்துவிட்டது, நாய்கள் நிழலை விட்டு எழுந்திருப்பதில்லை. நீ எப்படி இருக்கிறாய்? "பரவாயில்லை" என்று எழுதுகிறாய், அது உடம்பைப் பற்றின பதில் இல்லை.

கூட்டம் நடந்தது. காலையிலேயே கிளாரிஸ் புருஷன் வண்டியை எடுத்துக்கொண்டு போய் ரோடு திரும்புகிற இடத்தில் நிறுத்திவிட்டான். கொட்டகையிலிருந்து அந்த வண்டி ஒரு விரல் அளவுதான் தெரிந்தது. நாலு மணி நேரம், கண்ணாடியை ஏற்றிவிட்டு அந்த வெயிலில் உள்ளே உட்கார்ந்திருந்தான். என் குரல் அவன்வரை வராது என்று நான் நிம்மதியாகப் பேச வேண்டுமாம். கிளாரிஸ் இரண்டு தடவை தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

நான் முதல் வரிசையில் உட்கார்ந்தேன். முதலில் டைப் அடித்தவளைக் கூப்பிட்டேன். "எழுது. டாப்ஸி வந்திருக்கா. டாப்ஸி பேசுறா. எழுதிட்டியா? படிச்சுக் காட்டு." படித்துக் காட்டினாள். அப்புறம் கிளாரிஸ் உன் காகிதத்தைப் படித்தாள்.

கண்ணாடிக்காரன் எழுந்தான். "பாட்டி, உங்க வருத்தம் புரியுது. எலும்பு இருக்கிற பொந்தைச் சுத்தி வேலி போட்டுடறோம். மத்தபடி அங்க இருக்கிறது வெறும் சிப்பி, பவளம். எப்பவோ செத்துப்போனது. அதை அறுத்தா யாருக்கு வலிக்கும்?" என்றான்.

"உக்காரு தம்பி" என்றேன். "போன தடவை நீ எனக்குப் பாடம் சொன்னே. கடலுக்குள்ள ஒண்ணு செத்து, அது மேல ஒண்ணு உக்காந்து, அது செத்து, அது மேல இன்னொண்ணு. அப்படித்தானே மலையாச்சு?"

"ஆமா பாட்டி. அப்படித்தான்."

"எங்க அம்மா கடைசியாப் போய் உக்காந்தவ. இப்பச் சொல்லு, எதுவரைக்கும் வெறும் சிப்பி, எங்க இருந்து எங்க அம்மா? கோடு போட்டுக் காட்டு. வேலி எங்க போடறதுன்னு நான் சொல்றேன்."

அவனுக்குக் கோடு கிடைக்கவில்லை. நில ஆபீஸ்காரி, மெஷின் விஷயமாக இன்னும் பேசலாம் என்று ஆரம்பித்தாள். "எந்தப் பக்கத்துல இருக்கு?" என்று கேட்டேன். காகிதத்தைப் புரட்டினாள். முப்பத்திரண்டு பக்கத்தையும் புரட்டினாள். நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். "இவ என் தங்கச்சியோட தாகத்தக் காட்டிக் கையெழுத்து வாங்கினவ. இதையும் எழுது" என்று டைப் அடிக்கிறவளிடம் சொன்னேன். அவள் எழுதினாள்.

இரண்டு மணிக்குப் போய்விட்டார்கள். வேறு மலை பார்ப்பார்களாம்.

ஜெயித்துவிட்டாய் என்று ஆளாளுக்கு வந்து கையைப் பிடித்தார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. உனக்கு மெஷின் கிடையாது என்று நானே எழுந்து நின்று சொன்ன மாதிரி இருக்கிறது. மழை முடிந்து ரோடு திறந்ததும் நான் பெர்த்துக்கு வருகிறேன். முழங்கால் வராவிட்டால் அதை விட்டுவிட்டு வருகிறேன்.

அக்கா டாப்ஸி

*

பெர்த்
23 அக்டோபர் 1998

அன்பான அக்காவுக்கு,

நீயும் கிளாரிஸும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். உன் கடிதத்தை மெஷினில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன். பக்கத்து நாற்காலிக்காரருக்கும் படித்துக் காட்டினேன். கோடு போட்டுக் காட்டு என்ற இடத்தில் அவர் சிரித்த சிரிப்பில் ஊசி நகர்ந்துவிட்டது.

நீ பெர்த்துக்கு வர வேண்டாம். மழை முடியும்வரை நான் காத்திருக்கவும் போவதில்லை.

டாக்டரிடம் பேசிவிட்டேன். மெஷினை நிறுத்தினால் எத்தனை நாள் என்று கேட்டேன். பத்து நாள், கொஞ்சம் கூடலாம் குறையலாம் என்றாள். மூச்சுக்கும் வலிக்கும் மருந்து கொடுத்து அனுப்புகிறாள், டெர்பி நர்ஸுக்கும் எழுதுகிறாள். நவம்பர் இரண்டு, திங்கட்கிழமை கடைசி மெஷின். மறுநாள் பஸ். அது இரண்டு நாள். வியாழக்கிழமை காலையில் டெர்பியில் இறங்குவேன். மிச்சம் எட்டு நாள்.

நீ கூட்டத்தில் வேண்டாம் என்று சொன்னதால்தான் இப்படி என்று நினைத்துக்கொள்ளாதே. மெஷின் அந்தக் காகிதத்தில் எப்போதுமே இல்லை. விண்டம்காரி மாதிரி பெட்டியில் வர எனக்கு இஷ்டம் இல்லை. கண்ணைத் திறந்துகொண்டு வருகிறேன்.

வண்டி கிளாரிஸ் புருஷனிடம்தான் இருக்கிறது. கிளாரிஸைக் கேட்கச் சொல்.

உன் ஈலீன்

*

மலையடி
4 நவம்பர் 1998, புதன்

ஈலீன்,

இந்தக் கடிதத்தைக் கிளாரிஸ் உன் கையில் பஸ் நிற்கிற இடத்தில் கொடுப்பாள். உன் கடிதம் வந்த அன்றைக்கே இடி விழுந்து ஆபீஸ் போன் செத்துப்போனது. இல்லாவிட்டால் நீ பஸ் ஏறுவதற்கு முன்னால் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பாய். யாரைக் கேட்டு முடிவு பண்ணினாய்? எனக்கு ஐந்து வயசு சின்னவள் நீ. வரிசை என்று ஒன்று இல்லையா?

வண்டியின் பின்பக்கத்தில் மெத்தை போட்டிருக்கிறது. முன் சீட்டுக்கும் உனக்கும் நடுவில் கிளாரிஸின் பச்சைக் கம்பளியை அவள் புருஷன் கட்டியிருக்கிறான். நேற்று முழுக்க அதைத்தான் கட்டினான், ஒரு ஓட்டைகூட இல்லாமல். நானும் வந்தால் ஒரே வண்டியில் இரண்டு மாமியார். அந்த மனுஷன் ரோட்டைப் பார்ப்பானா, எங்கே பார்க்கக்கூடாது என்று யோசிப்பானா? அதனால் நான் இங்கேயே இருக்கிறேன். மூன்று மணி நேரம் வாய் பேசாமல் வா. வலித்தால் கிளாரிஸ் கையை அழுத்து, அவள் நிறுத்தச் சொல்வாள். கண்ணுக்கு மலை தெரிய ஆரம்பித்ததும் கத்திக்கித்தி வைக்காதே, பாவம் அவன்.

கட்டிலை வெளியே மரத்தடியில் போட்டிருக்கிறேன். வந்து பார்ப்பதற்கு ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள். எல்லோரையும் விரட்டியிருக்கிறேன். முதல் நாள் எனக்கு.

உன்மேல் எனக்கு இருக்கிற கோபத்தை எல்லாம் வரிசைப்படுத்திப் பார்த்தேன். கையெழுத்து, அதை நாலு மாசம் மறைத்தது, இப்போது இது. இதை எல்லாம் மன்னித்து முடிக்க எனக்கு எத்தனை வருஷம் ஆகும் என்று உனக்குத் தெரியும். தெரிந்தும் எட்டு நாளைக் கொண்டுவருகிறாய்.

பத்தாது. இருந்தாலும் வா.

டாப்ஸி